பேஸ் ஆம்பில் லிமிட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால்

கேட்டவர் தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி. விசேஷ நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிறார். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் பழைய 100 வாட் காம்போ ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறார். அதன் முகப்பில் லிமிட்டர் என்று ஒரு சுவிட்ச், பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. "அண்ணா, ஆன் பண்ணினா சத்தம் அமுங்குது. ஆஃப் பண்ணினா கீழ் ஸ்ட்ரிங் அடிக்கும்போது பர்ர்னு உடையுது. கூட வாசிக்கிறவங்க ஆஃப்லயே வைக்கச் சொல்றாங்க. எது சரி? தனியா ஒரு கம்ப்ரசர் பெடல் வாங்கணுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, சுவிட்சை ஆனிலேயே வையுங்கள். பெடல் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஆம்பில் கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் நாபைக் குறையுங்கள். அவசரத்தில் இருந்தால் இவ்வளவு போதும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 'பர்ர்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆம்புக்குள் கடைசியாக இருப்பது, ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் ஆம்ப். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு வோல்ட் தருகிறதோ, அந்த உயரத்துக்குத்தான் அலை எழும்ப முடியும். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் வர வேண்டுமென்றால் அலையின் உச்சி 40 வோல்ட்டைத் தொட வேண்டும். அதுதான் கூரை. அதற்கு மேல் நீங்கள் கேட்டாலும் கிடைக்காது. அலையின் தலை கத்தரியால் வெட்டியது போலத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

லிமிட்டர் என்பது, வால்யூம் நாபில் கை வைத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் மாதிரி. அலை கூரையை நெருங்கியதும் சட்டென்று குறைப்பார். ஆபத்து விலகியதும் மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். குறைப்பதற்கு எடுக்கும் நேரம் அட்டாக், திரும்பி வர எடுக்கும் நேரம் ரிலீஸ். ஸ்டுடியோவில் இருக்கும் லிமிட்டர்கள் பலவற்றில் இந்த இரண்டுக்கும் தனி நாப் இருக்கும். ஆம்புக்குள் வருவதில் பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரே ஒரு கணக்கில் பொருத்தி, உங்களுக்கு ஒரு சுவிட்சை மட்டும் விட்டுவைத்திருப்பார்.

அந்தக் கணக்கு பேஸ் கிட்டாருக்குக் கொஞ்சம் சங்கடமானது. ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். ஓர் அலை மேலே போய்க் கீழே வந்து முடிய 24 மில்லிசெகண்ட் ஆகும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ், அதற்கு 32 மில்லிசெகண்ட். நாபில் கை வைத்திருப்பவர் இதைவிட வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தால், ஒரே அலைக்குள்ளேயே ஏற்றி இறக்கி அதன் உருவத்தைக் கெடுத்துவிடுவார். தடுக்க வந்தவரே புது உடைசலைக் கொண்டுவந்த கதையாகும். அதனால் ரிலீஸை நிதானமாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. நிதானமாக வைத்தால் ஒரு ஓங்கிய அடிக்குப் பிறகு சத்தம் அமுங்கி, பிறகு மெல்ல ஊதிக்கொண்டு மேலே வருவது காதுக்குத் தெரியும். நீங்கள் 'அமுங்குது' என்று சொல்வது இதைத்தான். லிமிட்டர் பழுதாகவில்லை. அவருக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்.

சரி, ஏன் அவ்வளவு வேலை? பெரும்பாலும் குற்றவாளி பேஸ் நாப்தான்.

நிறைய ஆம்புகளில் பேஸ் நாபை முழுக்கத் திருப்பினால் 12 முதல் 15 டெசிபல் வரை கூடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தேவைப்படும் வாட் இரண்டு மடங்காகும். 12 டெசிபல் என்றால் இரண்டை நான்கு முறை பெருக்குங்கள், 16 மடங்கு. நாப் நடுவில் இருந்தபோது 6 வாட்டில் முடிந்துபோன ஒரு கீழ் ஸ்ட்ரிங் நோட், இப்போது 96 வாட் கேட்கிறது. உங்கள் ஆம்பின் மொத்தச் சொத்தே 100 வாட். லிமிட்டர் பதறிப்போய்க் குறைக்கிறது. குறைக்கும்போது கீழ் ஒலியை மட்டும் பிரித்துக் குறைக்க அதற்குத் தெரியாது. விரல் படும் ஒலி, நோட்டின் முகம் தெரிகிற நடுப்பகுதி என்று எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. 'இன்னும் பேஸ் வேணும்' என்று நீங்கள் நாபைத் திருப்பத் திருப்ப, உங்கள் வாசிப்பு மேடையில் காணாமல் போகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 41 ஹெர்ட்ஸை உங்கள் காம்போ சரியாக வெளியே விடுவதே இல்லை. சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகச் சரிந்துவிடும். நாம் ஈ நோட் என்று கேட்பது பெரும்பாலும் அதன் இரண்டாவது, மூன்றாவது மடங்குகளை, அதாவது 82, 123 ஹெர்ட்ஸ் பக்கம் வருவதை. 41 ஹெர்ட்ஸில் இருக்கும் அடிச்சுரத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, 40 ஹெர்ட்ஸில் நீங்கள் கொட்டும் வாட்டில் பெரும்பங்கு சத்தமாகக்கூட வருவதில்லை. ஸ்பீக்கர் காயிலில் சூடாக இறங்குகிறது, கோனைச் சும்மா முன்னும் பின்னும் தள்ளுகிறது.

ஒத்திகையில் ஒன்று செய்து பாருங்கள். எல்லா நாபையும் நடுவில் வையுங்கள், லிமிட்டர் ஆன். டிரம்ஸ்காரரை வழக்கமான வேகத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஈ ஸ்ட்ரிங்கில் எட்டு நோட் அடித்தபடி, மொத்தச் சத்தத்தை ஆளும் மாஸ்டர் நாபை மெல்ல ஏற்றுங்கள். எந்த இடத்தில் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது பேஸ் நாபைக் கடிகார முள்ளில் பன்னிரண்டு மணி நிலையிலிருந்து பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு அணைந்துவிடும். நடு நாப் ஒன்றோ இரண்டோ இருக்கும். 400 முதல் 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதை ஒரு மணி நிலைக்கு ஏற்றுங்கள். விளக்கு மறுபடி சிமிட்டும்வரை மாஸ்டரை இன்னும் ஏற்றலாம். இப்போது பத்தடி தள்ளிப் போய் நின்று கேளுங்கள். ஆம்பின் முன்னால் உட்கார்ந்து கேட்டால் மெலிந்து போனது போல இருக்கும், ஏமாறாதீர்கள். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கும்போது தள்ளி நின்று கேட்டால்தான் தெரியும், ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக வந்து நிற்கிறது.

பேஸையும் டிரெபிளையும் ஏற்றி நடுவைக் குழி பறிக்கும் வழக்கம் நம் பையன்கள் எல்லாரிடமும் இருக்கிறது. கடையில் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது அது இனிக்கும். மேடையில் அது தற்கொலை. நானும் நாலைந்து வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

விளக்கை எப்படிப் படிப்பது என்று ஒரு வார்த்தை. ஓங்கி அடிக்கும் நோட்டுக்கு மட்டும் லேசாகச் சிமிட்டினால் எல்லாம் நலம். ஆம்பை முழுதாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். எல்லா நோட்டுக்கும் சிமிட்டினால் பேஸ் நாபைப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மாஸ்டரை. பாட்டு முழுக்க அணையாமல் எரிந்தால் அந்த இடத்துக்கு உங்கள் ஆம்ப் பற்றவில்லை. அப்போது மாஸ்டரை ஏற்றினால் ஓங்கி அடிக்கும் நோட்டுகள் இம்மியும் கூடாது; மெல்லிய நோட்டுகள் மட்டும் மேலே ஏறி எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். இளையராஜா பாட்டுக்கு வாசித்தால் இது பளிச்சென்று தெரியும். அவருடைய பேஸ் லைன் ஒரு இடத்தில் நிற்காது, கீழ் ஸ்ட்ரிங்கில் தொடங்கி மேலே பாடிக்கொண்டே போய்த் திரும்பி வரும். லிமிட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் கீழ் நோட் விழும்போதெல்லாம் அமுங்கி, மேலே போகும்போது துள்ளி, லைனே நொண்டும்.

இனி 'ஆஃப்லயே வை' என்று சொன்னவர்களின் பேச்சுக்கு வருவோம். அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆஃபில் அட்டாக் கூர்மையாக இருக்கும், சத்தமும் ஒரு சுற்றுக் கூடுதலாகத் தோன்றும். விலை என்ன என்பதுதான் கேள்வி. ஒரு சைன் அலையில் 100 வாட் தருகிற ஆம்ப், முழுக்க உடைந்து சதுர அலை ஆகிவிட்டால் 200 வாட் வரை தள்ளும். உச்சி உயராது, ஆனால் உச்சியில் இருக்கும் நேரம் கூடிவிடும். அலையின் தலை வெட்டுப்படும்போது புதிதாக மேல் ஸ்தாயி ஒலிகள் ஏராளமாகப் பிறக்கும். காம்போவில் ட்வீட்டர், அதாவது மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், இருந்தால் அவை நேராக அங்கேதான் போகும். பெரிய ஸ்பீக்கர் தாங்கிக்கொள்ளும். ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பி தலைமுடி கனம்தான், அது தாங்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருஷம் முன்பு ஒரு கோயில் திருவிழாவில் வாடகை ஆம்பில் வாசித்தேன். கூட்டம் அதிகம், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பேச்சைக் கேட்டு லிமிட்டரை ஆஃப் செய்தேன். சுகமாக இருந்தது. பத்துப் பதினைந்து பாட்டுக்குப் பிறகு கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி ஸ்லாப் செய்தால் அந்த 'டிக்' ஒலி வரவில்லை, சாக்குக்குள் வாசிப்பது போல இருந்தது. கை சோர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆம்பை இறக்கும்போது கருகிய வாசனை வந்தது. மறுநாள் வாடகைப் பணத்தோடு ட்வீட்டர் பணமும் சேர்த்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது, பிறகுதான் புரிந்தது. திருவிழா லைன், ஊரெல்லாம் சீரியல் விளக்கு, வோல்டேஜ் எங்கேயோ கீழே. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்பில் உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அதே விகிதத்தில் கூரையும் இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் 100 வாட் ஆம்ப் 68 வாட் ஆம்ப் ஆகிவிடும். இந்த இடத்தில்தான் லிமிட்டர்களில் இரண்டு சாதி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, 'இந்த அளவுக்கு மேல் விடாதே' என்று நிலையான ஓர் எல்லையை வைத்திருப்பது. நல்ல கரண்டில் ஒழுங்காக வேலை செய்யும். கரண்ட் இறங்கினால், கூரை எல்லைக்கும் கீழே போயிருக்கும். லிமிட்டர் சும்மா இருக்க ஆம்ப் உடைந்துகொண்டிருக்கும். விளக்கு எரியாமலேயே 'பர்ர்' கேட்டால் இப்படியும் இருக்கலாம்.

இன்னொன்று, பவர் ஆம்பையே கண்காணித்து, அலை உடையப்போகும் தருணத்தைப் பிடித்து இழுப்பது. இதற்குப் பெயர் போனது பீவி கம்பெனியின் டிடிடி. ஹார்ட்லி பீவி 1965-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து மெரிடியனில் தொடங்கிய கம்பெனி அது. டிஎன்டி, டிகேஓ என்று அவர்களுடைய பழைய பேஸ் காம்போக்கள் பலவற்றில் இந்த டிடிடி இருக்கும். இதற்கென்று தனி எல்லை கிடையாது, கிளிப்பிங்தான் எல்லை. கரண்ட் இறங்கிக் கூரை தாழ்ந்தால் இதுவும் கூடவே தாழ்ந்துகொள்ளும். ஜெனரேட்டரை நம்பி வாசிக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. உங்கள் காம்போ எந்தச் சாதி என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகள் இருக்கும் வால்வு ஆம்ப் வைத்திருந்த பழைய தலைமுறைக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். அதில் லிமிட்டர் சுவிட்ச் என்று ஒன்று இல்லை. வால்வுகள் கூரையை நெருங்கும்போதே மெல்ல வளைந்துகொடுக்கும், உடைவதும் உருண்டையாக உடையும், காதுக்கு அது இதமாகவே படும். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பணிவு கிடையாது. கடைசி வோல்ட் வரை நிமிர்ந்து நின்று, சட்டென்று முட்டிக்கொள்ளும். லிமிட்டர் தேவைப்பட்டதே அதனால்தான்.

அதற்காக லிமிட்டர் ஆனில் இருக்கிறது, இனி கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. நிறையப் பேருக்குத் தெரியாத இடம் இது. சாதாரணமாக வாசிக்கும் பேஸில் உச்சிக்கும் சராசரிக்கும் நிறைய இடைவெளி இருக்கும். அது 12 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிகள் கூரையைத் தொட்டாலும் 100 வாட் ஆம்ப் சராசரியாகத் தள்ளுவது 12, 13 வாட்தான். லிமிட்டரை அழுத்தி அழுத்தி அந்த இடைவெளியை 6 டெசிபல் ஆக்கிவிட்டால் சராசரி 50 வாட் ஆகிவிடும். உடையவே இல்லை, சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் காயிலுக்குள் இறங்கும் சூடு நான்கு மடங்கு. மூன்று மணி நேரக் கச்சேரியில் அது பெரிய விஷயம். விளக்கு அணையாமல் எரிவதை நான் இவ்வளவு சொல்வதற்கு இதுவும் காரணம்.

தனி ஹெட் (ஆம்ப் மட்டும்), தனி கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி மட்டும்) என்று வைத்திருப்பவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். லிமிட்டருக்குத் தெரிந்தது ஹெட்டின் கூரை மட்டுமே. 500 வாட் ஹெட்டில் 200 வாட் கேபினட்டை மாட்டினால், லிமிட்டர் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டாமல் கேபினட் செத்துப்போகும். ஓட்டை வைத்த பெட்டிகளில் ஒரு குறிப்பிட்ட ஸ்தாயிக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது, கொஞ்ச வாட்டுக்கே அது தாறுமாறாக ஆடும். அதையும் லிமிட்டர் பார்க்காது. ஐந்து ஸ்ட்ரிங் வாசித்தால் கண்ணாலேயே கோனைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் ஆம்பின் முதுகில் மிக்சருக்கு நேராகச் சிக்னல் அனுப்பும் டிஐ அவுட் இருந்தால் அங்கிருந்துதானே மிக்சருக்குப் போகிறீர்கள்? பல ஆம்புகளில் லிமிட்டர் பவர் ஆம்புக்குச் சற்று முன்னால்தான் உட்கார்ந்திருக்கும். டிஐ அதற்கும் முன்பே பிரிந்து போய்விடும். மேடையில் உங்களுக்கு அடங்கி ஒலிக்கும் ஸ்லாப், வெளியே ஜனங்களுக்கு அடங்காமல் போகும். சவுண்ட் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் பக்கத்தில் கம்ப்ரசர் போட்டுக்கொள்வார். உங்களுடையதில் லிமிட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். மாஸ்டரைப் பூஜ்யத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு உள்ளே வரும் சிக்னலை ஏற்றும் கெயின் நாபை நன்றாக ஏற்றி அடியுங்கள். அப்போதும் லிமிட்டர் விளக்கு எரிந்தால் அது மாஸ்டருக்கு முன்னால் இருக்கிறது. கெயினில்தான் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். எரியாவிட்டால் பவர் ஆம்ப் பக்கம். கெயின் அருகே கிளிப் என்று தனி விளக்கு இருந்தால் அது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெடல் விஷயம். ஓங்கிய நோட்டுகளை அமுக்கி எல்லாவற்றையும் சமமாக்கும் கம்ப்ரசர் நல்ல சாமான்தான், ஸ்லாப் வாசிப்பவருக்கு ருசியும் கூட்டும். ஆனால் அதுவும் ஆம்ப் லிமிட்டரும் சேர்ந்து அமுக்கினால் வாசிப்பில் உயிர் போய்விடும். என்றாவது வாங்கினால் 4-க்கு 1 விகிதம் (எல்லையைத் தாண்டும் 4 டெசிபல் 1 ஆகும்), ஓங்கிய அடிக்கு 3 முதல் 6 டெசிபல் குறைகிற மாதிரி, அதற்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஸ்ட்ரிங்கின் அடியில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைப் பாருங்கள். கீழ் ஸ்ட்ரிங் பக்கம் ஸ்ட்ரிங்கை ஒட்டி உயர்ந்திருந்தால் அரைச் சுற்று, ஒரு சுற்று இறக்குங்கள். நான்கு ஸ்ட்ரிங்கும் ஒரே கனத்தில் வரும்போது லிமிட்டருக்குப் பாதி வேலை குறையும். வலது கையையும் கொஞ்சம் தளர்த்துங்கள். தன் சத்தம் கேட்கவில்லை என்றால் எல்லாரும் அடியைக் கூட்டுவார்கள், அது மனித சுபாவம். நடு நாபை ஏற்றியபின் உங்களுக்கே அவ்வளவு ஓங்கி அடிக்கத் தோன்றாது.

தேவாலயத்துக்கு 100 வாட் தாராளம். மெல்லிசை மேடையில் இவ்வளவும் செய்த பிறகும் விளக்கு அணையவில்லை என்றால், பெடலுக்கு வைத்திருக்கும் காசைக் கூடுதல் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போடுங்கள். உங்கள் காம்போவின் முதுகில் எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் என்று ஒரு ஜாக் இருக்கிறதா, குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பாருங்கள். உள்ளே 8 ஓம், குறைந்தபட்சம் 4 ஓம், 100 வாட் என்பது 4 ஓமுக்குச் சொன்ன கணக்கு என்றால், நீங்கள் இதுவரை 60, 70 வாட்டில்தான் வாசித்திருக்கிறீர்கள். இன்னொரு 8 ஓம் பெட்டியை மாட்டினால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகி முழு வாட்டும் வரும், காற்றைத் தள்ளும் கோனும் இரட்டிப்பாகும். குறைந்தபட்சமே 8 ஓம் என்று போட்டிருந்தால் எதையும் கூட மாட்டாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். முதுகை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.